முதல் அரிப்பை மதியுங்கள்: முடிச்சாயமும் பிபிடியும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், நரைக்குப் போடும் மருதாணிப் பொடி பற்றிக் கேட்ட ஒருவருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். ‘கருப்பாக்கும் பொடி எதுவும் வெறும் மருதாணி அல்ல, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்’ என்பதுதான் அதன் சாரம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் எல்லாமே முடிச்சாயத்தில் கலக்கும் பிபிடி என்ற ஒரே வேதிப்பொருளைச் சுற்றி இருந்தன. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு 47 வயது. பதினோரு வருடமாகத் தேக்காவில் ஒரு கடையில் ‘ஹெர்பல்’ கருப்பு மருதாணிப் பொடி வாங்கித் தலைக்குப் போட்டு வருகிறேன். அட்டையில் மருதாணி இலை, நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி எல்லாம் படமாக இருக்கிறது. ‘அமோனியா இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போன இரண்டு தடவையும் காதோரம் அரித்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன், அடங்கிவிட்டது. இந்த முறை போட்ட மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கிவிட்டன. பிபிடி ஒவ்வாமை என்கிறார் டாக்டர். இலைப்பொடிக்குள் ரசாயனம் எப்படி வந்தது? பதினோரு வருடம் ஒத்துக்கொண்டது இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? இருக்கிற முடியை வெட்ட வேண்டுமா?
(வாசகி, ஈசூன்)

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியை இனி தொடாதீர்கள். கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்பது, நெற்றியோரம் எண்ணெய் தடவிவிட்டுப் போடுவது, வேறு கம்பெனிப் பொடிக்கு மாறுவது, எதுவும் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மருதாணி இலையில் நிறம் தருவது லாசோன் என்ற பொருள். அது முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன் நிறம் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான். எத்தனை மணி நேரம் ஊறவிட்டாலும், இரும்புச் சட்டியில் கலந்தாலும், தேயிலைச் சாறு ஊற்றினாலும், வெள்ளை முடியில் மருதாணி மட்டும் தருவது செம்மை. மருதாணி போட்ட பாட்டிகளின் தலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே, நரையை அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆக்குகிற பொடியில் மருதாணி இருக்கலாம். கருப்பாக்கும் வேலையை அது செய்யவில்லை.

செய்வது பாரா-ஃபினைலீன்டையமின், சுருக்கமாகப் பிபிடி. தொழிற்சாலையிலிருந்து வரும் செயற்கைப் பொருள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே சாயத்துக்குப் பயன்படுகிறது. இதன் மூலக்கூறு மிகச் சிறியது, அதற்கென்று நிறமும் கிடையாது. சிறியது என்பதால் முடித்தண்டின் உள்ளே நுழைந்துவிடும். உள்ளே போனதும், கூடவே கலந்திருக்கும் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அப்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய கருநிறப் பொருளாகின்றன. சிறியதாக உள்ளே போனது பெரியதாகிவிட்டதால் வெளியே வர முடிவதில்லை. பத்துத் தடவை ஷாம்பு போட்டாலும் நிறம் போகாத ரகசியம் இதுதான். இரண்டு குழாய்களாக வரும் களிம்புச் சாயத்தில் ஒன்றில் பிபிடியும் மற்றதில் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கும். பொடி வகைகளில் பேரியம் பெராக்சைடு அல்லது சோடியம் பெர்போரேட் பொடியோடு பொடியாகவே கலந்திருக்கும். தண்ணீர் ஊற்றியதும் வேலை தொடங்கிவிடும். அதனால்தான் ‘வெறும் தண்ணீரில் கலக்கினேன், இது எப்படி ரசாயனம்?’ என்று பலருக்குத் தோன்றுகிறது.

அட்டையின் முன்பக்கத்தை விடுங்கள். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், பொருள்களின் பட்டியல் இருக்கும். அதில் பி-ஃபினைலீன்டையமின், பாரா-ஃபினைலீன்டையமின், பிபிடி, 1,4-பென்சீன்டையமின், 1,4-டையமினோபென்சீன், சிஐ 76060 என்று எது இருந்தாலும் எல்லாம் ஒன்றுதான். கண்ணாடி போட்டும் தெரியாத அளவுக்குச் சின்ன எழுத்தாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தை நானும் அப்படித்தான் பார்த்தேன். மருதாணி, நெல்லி, கரிசலாங்கண்ணி எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு பாரா-ஃபினைலீன்டையமினும் இருக்கிறது. ‘அமோனியா இல்லை’ என்பதும் பொய் இல்லை. ஆனால் அமோனியாவின் வேலை வேறு. முடியின் மேல் செதில்களைத் திறந்து சாயத்துக்கு வழிவிடுவது அது. நெடி அடிப்பதும் அதுதான். உங்கள் கண்ணை வீங்க வைத்தது பிபிடி. அமோனியா இல்லாத சாயத்தில் பிபிடி இருக்கலாம். பெரும்பாலும் அதுவோ அதன் உறவுப் பொருளோ இருக்கும்.

பதினோரு வருடக் கணக்குக்கு வருகிறேன். பலரும் தடுமாறுகிற இடம் இது. ஒவ்வாமை என்றால் முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறோம். பிபிடி விஷயத்தில் அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் கொஞ்சம் பிபிடி தோலுக்குள் போகிறது. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் என்றாவது ஒரு நாள் அதைப் பகையாக அடையாளம் கண்டுகொள்ளும். சிலருக்கு இரண்டாவது தடவையே, சிலருக்கு இருபது வருடம் கழித்து, பெரும்பாலானவர்களுக்கு ஒருபோதும் இல்லை. ஆனால் ஒரு தடவை அடையாளம் கண்டுவிட்டால் உடம்பு அதை மறக்காது, பொதுவாக ஆயுள் முழுவதும். அடுத்தடுத்த தடவைகள் முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும். அதனால்தான் ‘கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிறேன்’ வேண்டாம் என்றேன்.

தலையில் போட்டதற்குக் கண் ஏன் வீங்கியது என்றும் மற்றொரு வாசகி கேட்டிருந்தார். தலைத்தோல் தடித்தது, இமைத்தோல் மிக மெல்லியது. அலசும்போது வழியும் நீர் நெற்றி, காது, இமை, பிடரி என்று எங்கெல்லாம் படுகிறதோ அங்கெல்லாம் காட்டும். அதுவும் உடனே காட்டாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில்தான் வரும். இந்தத் தாமதத்தால் ஆட்கள் நேற்றுச் சாப்பிட்ட இறாலைக் குறை சொல்வார்கள், தலையணை உறையைக் குறை சொல்வார்கள். சாயத்தின் நினைவே வராது.

என் சித்திக்கு நடந்ததும் இதுவே. மூன்று முறை சாயம் போட்டபோதும் காதுக்குப் பின்னால் அரித்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அரிப்புக்கெல்லாம் டாக்டரிடம் போவார்களா என்று இருந்துவிட்டார். மகன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வீட்டில் எல்லாரும் வற்புறுத்த, மறுபடியும் போட்டார். கல்யாணத்தன்று காலையில் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கி, மண்டபத்துக்குப் போக வேண்டியவர் மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்தார். வற்புறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. மணமக்கள் படத்தில் அவர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று அரிப்புகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். உங்களுக்கும் இரண்டு முறை உடம்பு சொல்லியிருக்கிறது. மூன்றாவதில் உரக்கச் சொல்லிவிட்டது.

சரி, இனி என்ன செய்வது? முடியை வெட்ட வேண்டாம். நிறம் முழுதாக ஏறி, பலமுறை நன்றாக அலசிய முடி பொதுவாகத் தொல்லை தராது. தொல்லை தருவது முழுதாக மாறாமல் மிச்சம் இருக்கும் பிபிடிதான். உங்கள் டாக்டர் சொன்னது அநேகமாகச் சரி. ஆனாலும் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டால் மண்டலே ரோட்டில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்தில் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்து, எடுத்துப் பார்த்து, அப்புறம் இன்னும் ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். அந்த நாள்களில் முதுகை நனைக்கக்கூடாது, வியர்க்க விடக்கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அது சிரமம்தான், விடுப்பு நாளாகப் பார்த்துப் போங்கள்.

அந்தச் சோதனையால் இன்னொரு பயனும் உண்டு. பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு அதன் சாயலுள்ள வேறு பொருள்களும் ஒத்துக்கொள்வதில்லை. தொண்டை மிட்டாயிலும் பல்லீறில் தடவும் மரப்பு ஜெல்லிலும் இருக்கும் பென்சோகெய்ன், சில துணிச்சாயங்கள், சில சல்ஃபா மருந்துகள் என்று பட்டியல் நீளும். எல்லாருக்கும் எல்லாமும் வராது. உங்களுக்கு எது என்று தெரிந்துகொண்டால், பல் டாக்டரிடம் போகும்போது முன்கூட்டியே சொல்லலாம்.

கேள்வி: பிபிடியை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள், ஆசியாவுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உண்மையா? இங்கே அரசாங்கம் சோதிக்காமலா விற்க விடுகிறார்கள்?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இல்லை, வரம்பு இருக்கிறது. கலந்த பிறகு தலையில் படும் சாயத்தில் பிபிடி 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை, ஒவ்வாமை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கைகளும் அட்டையில் இருக்க வேண்டும். ஆசியான் நாடுகளுக்குப் பொதுவான அழகுப்பொருள் விதிகள் 2008 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கின்றன. அவற்றிலும் பிபிடி கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். முடிச்சாயத்தில் மட்டும், அளவோடும் எச்சரிக்கையோடும் அனுமதி. இமைமுடிக்கும் புருவத்துக்கும் கூடாது.

அந்தக் கடைசி விதி சும்மா வந்தது அல்ல. 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயத்தில் இந்தப் பொருள் இருந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்களில் சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தே போனார். அழகுப்பொருள்களைத் தடுத்து நிறுத்த அப்போது அங்கே சட்டமே இல்லை. 1938இல் வந்த சட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம். புருவ நரைக்கு மிச்சச் சாயத்தைத் தொட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில், முக்கியமாக ஆண்களிடம், இருக்கிறது. மீசைக்குப் போட்ட பிரஷ்ஷாலேயே புருவத்துக்கும் போடுவார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, பலருக்கும் இருப்பதுதான். சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொரு ஷாம்பையும் சாயத்தையும் சோதித்து, முத்திரை குத்தி, அப்புறம் கடைக்கு அனுப்புவதில்லை. மருந்துக்குத்தான் அந்த மாதிரி முன் அனுமதி. அழகுப்பொருளை விற்கும் நிறுவனம் விற்பதற்கு முன் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்புக்குப் பொறுப்பு அந்த நிறுவனம். சந்தையில் இருப்பவற்றை எடுத்துச் சோதிப்பதும், விதி மீறியதை விற்பனையிலிருந்து எடுக்க வைப்பதும் ஆணையத்தின் வேலை. ஆகவே ‘கடையில் இருக்கிறது, அப்படியானால் அரசாங்கம் பார்த்திருக்கும்’ என்ற நம்பிக்கை போதாது.

வாங்கும்போது நீங்களே பார்க்க முடிந்தவை சில உண்டு. முழுப் பொருள் பட்டியல், தயாரித்த நாடு, தொகுதி எண், தயாரித்த அல்லது காலாவதியாகும் தேதி, இங்கே அதை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும். கடைசியாகச் சொன்னதை நான் முதலில் பார்ப்பேன். ஊரிலிருந்து பெட்டியில் வந்தது, இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியது ஆகியவற்றில் அது இருக்காது. ஏதாவது ஆனால் பிடித்துக் கேட்க இங்கே ஆள் இல்லை என்று பொருள். மூன்று வெள்ளி மிச்சம் பிடிக்க அது சரியான இடம் இல்லை. அப்புறம், ஈசூன் வாசகி போல யாருக்காவது ஏற்பட்டால் ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். பயனீட்டாளர்களும் தெரிவிக்கலாம். அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: முடிச்சாயத்தால் புற்றுநோய் வரும் என்று படித்ததிலிருந்து அம்மாவிடம் தினமும் சண்டை. அவருக்கு 66 வயது, முப்பது வருடமாகப் போடுகிறார், ஒரு நாளும் அரித்ததில்லை. நிறுத்தச் சொல்வதா?
(வாசகி, செங்காங்)

பதில்: இதற்காகச் சண்டை போட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இரண்டையும் பிரித்துச் சொன்னது. முடிதிருத்துபவராக, அழகு நிலையத் தொழிலாளியாக ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது ‘புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது’. சொந்தத் தலைக்குப் போட்டுக்கொள்வது ‘வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை’. அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் இரண்டு அடிக்கடி பேசப்படுகின்றன. 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நிரந்தரச் சாயம் போடும் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் 9 விழுக்காடு கூடுதலாக இருந்ததாகவும், கறுப்பினப் பெண்களிடம் அது 45 விழுக்காடு என்றும் சொன்னது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் மார்பகப் புற்றுநோய் வந்த சகோதரி உள்ளவர்கள். 2020இல் வந்த இன்னொன்று 117,200 செவிலியர்களை 36 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பெரும்பாலான புற்றுநோய்களுக்குச் சாயத்தோடு தொடர்பு இல்லை, ஒரு சிலவற்றில் மட்டும் சிறிய கூடுதல் தெரிந்தது. இரண்டிலும் நம் போன்ற ஆசியப் பெண்கள் மிகக் குறைவு.

என் கருத்து இது: 66 வயதில், அரிப்பே இல்லாத அம்மாவைப் பயமுறுத்தி நிறுத்த இந்தச் சான்று போதாது. மாதம் ஒரு முறை என்பதை ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை ஆக்கலாம். முழுத் தலைக்கும் போடாமல் வேர்ப்பகுதிக்கு மட்டும் போடலாம். ஜன்னலைத் திறந்து வைத்துப் போடலாம், சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிடாமல் அலசலாம். உங்கள் கவலையை வேறு பக்கம் திருப்புங்கள். அவருக்கு முதல் முறை அரித்தால் உங்களிடம் சொல்வாரா? அதைக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: அக்கா, பள்ளி விடுமுறையில் வெளியூர் கடற்கரையில் என் 12 வயது மகளுக்குக் கையில் ‘கருப்பு மருதாணி’ வரைந்துவிட்டோம். பத்து நாள் கழித்து அந்த வடிவம் அப்படியே கொப்புளமாக எழும்பியது. இப்போது ஆறிவிட்டது. வெள்ளையாகத் தழும்பு இருக்கிறது. இனிப் பயமில்லையே?
(தாயார், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: கை ஆறியது நிம்மதி. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. தோலில் சில நிமிடத்தில் கருப்பாகப் பிடிக்கிற ‘மருதாணி’யில் பெரும்பாலும் பிபிடி சேர்த்திருப்பார்கள். முடிச்சாயத்துக்கு உள்ள வரம்பையெல்லாம் கடந்து, 15 விழுக்காட்டுக்கு மேலும் சில மாதிரிகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுவும் அலசாமல் தோலிலேயே காய விடுகிறோம். ஒவ்வாமையை உண்டாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. தோலில் இப்படிப் போட எந்த விதியும் அனுமதிப்பதில்லை.

உங்கள் மகளுக்கு இப்போதே ஒவ்வாமை உண்டாகியிருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. பதினாறு பதினேழு வயதில் தோழிகளோடு சேர்ந்து முடிக்கு நிறம் போட ஆசைப்படுவாள். அன்றைக்கு முகமே வீங்கலாம். ஆகவே இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள். சுகாதாரப் புத்தகத்திலும் குறித்து வையுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போதும் சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டாம், ‘உனக்கு இந்தப் பொருள் ஆகாது, இதன் பெயர் இது’ என்று தெரிந்தால் போதும். தழும்பின் வெண்மை மெல்ல மங்கும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மருதாணி இடுவதை நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. அரைத்த இலையோ நல்ல கூம்போ, இட்டதும் ஆரஞ்சாகத் தெரியும், ஒரு நாள் போனால் கருஞ்சிவப்பாகும். பொறுமை கேட்பதுதான் நல்ல மருதாணிக்கு அடையாளம். இடுபவரிடம் ‘எவ்வளவு நேரத்தில் கருப்பாகும்?’ என்று கேளுங்கள். ‘பத்து நிமிடத்தில்’ என்றால் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாயம் போடும் முன் சோதிக்கச் சொல்கிறார்கள். கடைக்காரர் அரை மணி நேரம் போதும் என்கிறார். சரியா?
(வாசகர், அங் மோ கியோ)

பதில்: போதாது. பிபிடி ஒவ்வாமை தாமதமாகவே வரும் என்று மேலே சொன்னேன். அரை மணி நேரத்தில் எதுவும் தெரியாமல், நாளை மறுநாள் வரும். 48 மணி நேரம் பார்க்க வேண்டும். கல்யாணம் சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை இரவு சோதிப்பதில் பொருள் இல்லை. அட்டைக்குள் இருக்கும் தாளில் சொன்னபடி, காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ துளி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், அதே கம்பெனி என்றாலும். சோதனையில் ஒன்றும் வராவிட்டாலும் அது முழு உத்தரவாதம் அல்ல. ஏற்கெனவே ஒரு முறை அரித்தவர்கள், கருப்பு மருதாணியால் கொப்புளம் வந்தவர்கள் வீட்டில் இந்தச் சோதனையே செய்யக்கூடாது.

சாயம் தலையில் இருக்கும்போதே எரிந்தால் நேரம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், 995 அழையுங்கள்.

கேள்வி: எனக்குப் பிபிடி ஆகாது என்று சொல்லித்தான் ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். ‘எங்கள் சாயத்தில் பிபிடி இல்லை’ என்று சொல்லி 140 வெள்ளி வாங்கினார்கள். இரண்டு நாளில் பிடரி முழுக்கக் கொப்புளம். டாக்டர் செலவு வேறு. கேட்டால், பிபிடி இல்லையே, நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: அவர்கள் சொன்னது எழுத்தளவில் சரியாக இருக்கலாம். பிபிடி இல்லாத பல சாயங்களில் டொலுவீன்-2,5-டையமின் இருக்கும். பிபிடியின் நெருங்கிய உறவு அது. பிபிடி ஆகாதவர்களில் பலருக்கு அதுவும் ஆகாது. உங்கள் நிலையைத் தெரிந்துகொண்டு அதைத் தலையில் போட்டது கவனக்குறைவு. அன்று பயன்படுத்திய குழாயின் பெயரையும் நிற எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். ரசீது, கொப்புளப் படங்கள், டாக்டர் சீட்டு, நீங்கள் முன்கூட்டியே சொன்னதற்கான குறுஞ்செய்தி, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

முதலில் நிலையத்துக்குக் கடிதம். நகராவிட்டால் பயனீட்டாளர் சங்கம் பேச்சுவார்த்தைக்கு உதவும். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வேண்டியதில்லை, அங்கே அவர்கள் வாதாடவும் முடியாது. தனிநபர்கள் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்ட வேண்டியது 10 வெள்ளி. பணத்தைவிட, அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்காகவாவது செய்யுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறீர்கள். வேறு என்னதான் போடுவது?
(பலர் கேட்டது)

பதில்: பிபிடி ஒத்துக்கொள்கிறவர்கள் சோதித்துவிட்டுத் தாராளமாகப் போடலாம். ஐரோப்பாவில் பொதுமக்களிடையே பார்த்ததில் ஒவ்வாமை உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நான் இவ்வளவு எழுதுவது அந்த ஒருவருக்காக.

ஆகாதவர்களுக்கு மருதாணியும் அவுரியும் இருக்கின்றன. முதலில் சுத்தமான மருதாணிப் பொடி, அலசியபின் அவுரிப் பொடி என்று இரண்டு கட்டமாகப் போட்டால் கருமைக்கு மிக அருகில் வரும். அரை நாள் வேலை. நிறம் முதல் முறையே அமையாது, இரண்டு மூன்று முறை பழக வேண்டும். பட்டியலில் மருதாணி, அவுரி தவிர வேறு பெயர் இருந்தால் வாங்காதீர்கள். முதல் முறை இவற்றையும் சோதித்தே போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு மருதாணி இடக்கூடாது, ரத்த அணுக்கள் உடையும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் முடிவு இருக்கும். புண்ணியாதானத்தில் பிஞ்சுப் பாதத்துக்கு மருதாணி வைக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நரையை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழிதான். என் சித்தி இப்போது அப்படித்தான் இருக்கிறார், அழகாகவே இருக்கிறார்.

கேள்வி: மாமியாருக்கு மாதாமாதம் எங்கள் இல்லப் பணிப்பெண் சாயம் போட்டுவிடுகிறார். சில மாதமாக அவருடைய விரல்கள் வெடித்துச் சிவந்திருக்கின்றன. பாத்திரச் சோப்பு காரணமா, சாயமா?
(வாசகி, புக்கிட் பாத்தோக்)

பதில்: இரண்டுமாக இருக்கலாம். சோப்பால் வெடித்த தோலுக்குள் சாயம் இன்னும் சுலபமாகப் போகும். முடிதிருத்துபவர்களின் கைகளுக்கு வரும் நோய் இதுதான். நீங்கள் அதைக் கவனித்துக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. பெரும்பாலான வீடுகளில் சாயம் போட்டுக்கொள்கிறவரைப் பற்றித்தான் யோசிக்கிறோம்.

பெட்டியோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை நழுவும், மணிக்கட்டில் திறந்திருக்கும். மருந்துக்கடையில் நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஒரு தடவை போட்டதைக் கழுவி மறுமுறை போட வேண்டாம், உள்ளே சாயம் ஏறியிருக்கும். அலசிவிடும்போதும் கையுறை இருக்க வேண்டும். பலர் போடும்போது மட்டும் அணிந்துவிட்டு அலசும்போது கழற்றிவிடுகிறார்கள். மிச்சப் பொடியைச் சிறு பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். வாய்க்குள் போனால் தொண்டை வீங்கி, சிறுநீரகம் வரை பாதிக்கும்.

இரண்டு வாரத்தில் விரல்கள் ஆறாவிட்டால் அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை மாமியாரின் தலைக்கு நீங்களோ உங்கள் கணவரோ சாயம் போட்டுவிடுங்கள்.